தொப்பூர் கணவாயும் செல்போன் கேமராக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி - சேலம் நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால், 108 வந்து சேர்வதற்குள் படம் நாலு மாவட்டம் சுற்றிவிடுகிறது. விபத்துக்கான காரணங்களை உங்கள் இதழ் பலமுறை எழுதிவிட்டது: நீண்ட இறக்கம், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வண்டியை விடுவது, சூடேறிப் பிடிக்காமல் போகும் பிரேக். நான் எழுத வந்தது அந்தப் படங்களைப் பற்றி.

நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருப்பதால், ஓட்டுநர்கள், உரிமையாளர்கள், மெக்கானிக்குகள் என்று பல வாட்ஸ்அப் குழுக்களில் என் எண் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே படம்தான் வரும். நசுங்கிய கேபினுக்குள் ஒரு முகம், பின்னணியில் சோகப் பாட்டு, கீழே கூப்பிய கைகள். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிவதற்கு முன்பே 'ஆழ்ந்த இரங்கல்' போட்டுவிடுகிறார்கள். சிலர் அதையே ஸ்டேட்டஸாகவும் வைக்கிறார்கள்.

முகத்தை மறைத்துவிட்டால் தவறில்லை என்று ஒரு குழு நிர்வாகி என்னிடம் வாதாடினார். லாரியைப் பற்றித் தெரியாதவர் பேச்சு அது. வண்டியின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், கதவில் உரிமையாளரின் ஊர், பின்பக்கம் பிள்ளைகளின் பெயர். இதற்கு மேல் முகம் எதற்கு? எனக்குப் பழக்கமான ஓட்டுநர் ஒருவரின் மனைவி அப்படித்தான் வண்டியை அடையாளம் கண்டார். கணவருக்குக் கால் முறிவுதான், மருத்துவமனையில் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவோ எல்லாம் முடிந்துவிட்டது என்று அழுதபடி அரூர் பக்கமிருந்து பஸ் ஏறியிருந்தார். படத்தின் கீழே 'டிரைவர் போதையாம்' என்று யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதற்குப் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் அவர்களுடைய மகன்.

குழந்தை கடத்தல் வதந்தியில் உயிர்கள் போனபிறகுதான், 2018இல், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. அந்த ஆண்டு மே மாதம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020இல் இன்னும் இறுக்கினார்கள். படத்தைச் சேமித்துப் புதிதாக அனுப்பிவிட்டால் இந்தக் கட்டுப்பாடெல்லாம் வீண். மழைக்காலம் வந்தால் பழைய விபத்துப் படங்கள் 'இன்று காலை' என்ற தலைப்போடு மறுபடி கிளம்புவது இப்படித்தான்.

படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்த கண்காணிப்பு கேமராப் பதிவைப் பார்த்துவிட்டு, வெளிமாநில ஓட்டுநர்கள்கூடக் கடையில் வண்டியை நிறுத்தி இறக்கத்தைப் பற்றி விசாரித்தார்கள். வண்டி எண்ணும் டயர்த் தடமும் போலீசுக்கும் இன்சூரன்சுக்கும் உதவும். அவர்களிடம் கொடுக்கட்டும்.

கிட்டப் போனால் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்று தள்ளி நின்று படம் எடுப்பவர்களும் உண்டு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இதைப் பெட்டிச் செய்தியாகவாவது நீங்கள் போடலாம்.

உங்களிடம் இன்னொரு கோரிக்கையும் உண்டு. வாசகர்கள் அனுப்பும் விபத்துக் காணொளிகளை உங்கள் இணையப் பக்கத்தில் ஏற்றும் முன், குடும்பத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குழுக்களில் இந்தப் பேச்சை எடுத்தாலே, 'பத்திரிகைக்காரனே போடுகிறானே' என்றுதான் பதில் வருகிறது.

இப்படிக்கு,
டயர் கடைக்காரர்,
நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம்.