முதியோரை ஆராய வருகிறவர்களைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். இங்கே பல வீடுகளில் வயதானவர்கள் தனியாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ. பணம் வருகிறது. ஆனால் ராத்திரி மூச்சுத்திணறல் வந்தால் ஆட்டோ பிடித்து ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் இல்லை.

2021-க்கான மத்திய அரசின் கணிப்பில், 60 வயதைத் தொட்டவர்கள் கேரளத்தில் 16.5 சதவீதம், தமிழ்நாட்டில் 13.6. பெரிய மாநிலங்களில் முதல் இரண்டு இடங்கள் இவைதான். இரண்டும் சந்திக்கும் எங்கள் மாவட்டத்தின் நிலவரம் கேட்டால், இன்னும் 2011 கணக்கெடுப்பைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. 2017-18-இல் முதுமை பற்றி நடந்த லாசி (LASI) என்ற தேசிய ஆய்வில் நாடு முழுக்க 72,000 பேருக்கு மேல் பேசினார்கள். பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது மாநில அளவில்தான் விடை தரும். குளச்சலில் வலை பின்னும் பெரியவருக்கும் குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டி முட்டி தேய்ந்தவருக்கும் தேவை ஒன்றுதானா என்று அதில் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் உங்கள் ஆராய்ச்சி மாணவர்கள்தான். அப்படி ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "வீட்டில் நல்லா பார்த்துக்கொள்கிறார்களா?" என்று கேட்டார். மருமகள் கதவருகே நின்றுகொண்டிருந்தார். பாட்டி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு குறையும் இல்ல மக்களே" என்றார்.

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டதோடு விடவில்லை. திரும்பத் திரும்ப வந்தார். முந்திரித்தோட்டு எண்ணெய் பட்டு வெந்த பாட்டியின் விரல்களைப் பிடித்துக்கொண்டு ஆலைக் கதையெல்லாம் கேட்டார். அப்புறம்தான், யாரும் இல்லாத ஒரு மத்தியானம், பாட்டி வாய் திறந்தார். மாதம் வரும் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையை மகன் அன்றைக்கே வாங்கிக்கொள்கிறாராம்.

2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பெற்ற பிள்ளைமேல் மனு கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? சட்டம் ஏன் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது, எதை மாற்றினால் உள்ளே வரும் என்று அரசுக்கு எடுத்துச் சொல்ல இந்தப் பெண்ணைப் போன்றவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த ஆய்வு நடுவழியில் நின்றுபோனது. ஆராய்ச்சி உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் அந்தப் பெண் ஒரு தனியார் கல்லூரி வேலைக்குப் போய்விட்டார். எங்களுக்கு அது பெரிய இழப்பு.

உங்களிடம் கேட்பது இதுதான். ஆராய்ச்சி உதவித்தொகையை மாதாமாதம் கொடுங்கள். பஸ் செலவையும், மறுபடி மறுபடி வந்துபோகும் நாட்களையும் ஆய்வுக் கணக்கில் சேருங்கள். முதுமை ஓராண்டில் முடிகிற விஷயம் இல்லை. அதே வீடுகளுக்கு ஐந்து வருஷம் போய்வர வழி செய்யுங்கள். ஆட்சியருக்கும் சமூக நலத் துறைக்கும் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை ஆய்விதழ்க் கட்டுரைக்குச் சமமாக மதியுங்கள். முடிவுகளை, யார் பெயரும் வெளியே வராமல், எங்கள் கிராம சபையில் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். வீடு காட்டவும் கூடவே வரவும் நாங்கள் இருக்கிறோம்.