வெள்ளைத்துணி கட்டிய வள்ளங்களுக்கு மண்ணெண்ணெய் தந்தவர்களுக்கு

அன்பான உறவுகளுக்கு,

2018 ஏப்ரல் 23 காலை, எங்கள் ஊரான இரணைதீவுக்குத் திரும்பிப் போக, கிளிநொச்சியின் இரணைமாதா நகர்க் கரையில் வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. எங்கள் வள்ளத்தின் அணியத்தில் கட்டியிருந்த வெள்ளைத்துணி, மருமகளின் பழைய உள்பாவாடை. பக்கத்து வள்ளத்துக்காரர் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்றைக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கடன்தான் இந்த மடல்.

1992இல் போரால் இரணைதீவை விட்டு இந்தக் கரைக்கு வந்தோம். போர் முடிந்த பிறகும் அங்கே கடற்படை இருந்தது, குடியிருக்க விடவில்லை. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. "இங்கேதானே வீடு இருக்கு, அங்கே என்ன கிடக்கு?" என்று ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். வீடு இருந்தது, சரி. வற்றுக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி கடலட்டை பொறுக்கவும் நண்டு பிடிக்கவும் எங்கள் பெண்களுக்குக் கரை வேண்டாமா?

2017 மே 1இல், தீவுக்குத் திரும்ப விடச் சொல்லி இரணைமாதா நகரில் போராட்டப் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். முல்லைத்தீவில் கேப்பாப்பிலவுப் பெண்கள் தங்கள் காணியைக் கேட்டுப் படைமுகாம் வாசலில் இருந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கும் துணிவு வந்தது. முதல் நன்றி அவர்களுக்கு.

அப்புறம், முழங்காவில் தேத்தண்ணீர்க் கடை அண்ணாவுக்கு. பத்து மணியானால் கேத்தில் வந்துவிடும். சீனியைக் கலக்காமல் கடதாசியில் தனியாகச் சுற்றி அனுப்புவார், எங்களில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நாங்கள் பந்தலில் இருந்த நேரம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அயலவர்களுக்கும், எங்களோடு கடலேறிய பாதர்மாருக்கும் நன்றி. தெற்கிலிருந்து வந்த ஒரு தங்கச்சிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பின்னேரம் வரை என் பாயில் பக்கத்திலேயே இருந்தாள். செய்தியாளர்களுக்கும் நன்றி. அழுகிற முகத்தை மட்டும் தேடி வந்த சிலருக்கு மட்டும் கொஞ்சம் குறைவான நன்றி!

ஒரு வருடம் நிறைய ஒரு வாரம்தான் இருந்தது. இனி யாரிடமும் கேட்பதில்லை என்று வள்ளம் ஏறினோம். யாரும் மறிக்கவில்லை. இறங்கியதும் நேரே செபமாலை மாதா கோயிலுக்குப் போனோம். அடுத்த மாதம், தங்கலாம் என்று அரசாங்கமே சொன்னது.

2021 மார்ச்சில் கொரோனாவில் இறந்த முஸ்லிம் மக்களின் உடல்களை எங்கள் தீவில் அடக்கம் செய்யப்போவதாக அறிவித்தபோது திரும்பவும் தெருவுக்கு வந்தோம். நாங்கள் எதிர்த்தது அந்த மக்களை அல்ல. அவர்களையும் கேட்காமல், எங்களையும் கேட்காமல் எடுத்த முடிவை. அதை விளங்கிக்கொண்ட முஸ்லிம் சகோதரர்களுக்கு, பந்தல் காலத்து நன்றியைவிட ஒரு படி கூடுதலாகவே சொல்ல வேண்டும்.

தேத்தண்ணீர்க் கடை அண்ணா, உங்கள் கேத்தில் இன்னும் எங்களிடம்தான் கிடக்கிறது. மூடி தொலைந்துவிட்டது, மன்னியுங்கள். தீவுக்கு வந்து வாங்கிக்கொண்டு போங்கள். நண்டுக் குழம்பு வைக்கிறேன். வருகிற நாளை மட்டும் முதல்நாளே சொல்லிவிடுங்கள், கடல் பார்த்துத்தான் வள்ளம் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
இரணைதீவுத் தாய் ஒருத்தி