சாய்ந்த சில்லை அலைன்மென்ட் இயந்திரம் நிமிர்த்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் பல ஆண்டுகளாக வாகனங்களின் அடிப்பாக வேலை செய்துவருபவன் நான். அண்மைக்காலமாக ஒரே முறைப்பாட்டோடு பலர் வருகிறார்கள்: "முன் சில்லு சாய்ஞ்சு நிக்குது, அலைன்மென்ட் செய்தும் சரிவரேல்லை." கையில் காசு கட்டிய பற்றுச்சீட்டு இருக்கும். டயரின் உட்புறம் மட்டும் தேய்ந்து கம்பி தெரியும்.

அலைன்மென்ட் செய்தால் சில்லின் எல்லாக் கோணமும் சரியாகிவிடும் என்று நம்புவதால்தான் இந்த வீண் செலவு. நம் வீதிகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒரே தூணாகச் சில்லைப் பிடித்திருக்கும் அமைப்பு. அதில் டை ரொட்டை, அதாவது ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் தண்டை, திருகி மாற்றக்கூடியது டோ மட்டுமே. சில்லுகளின் முன்விளிம்பு உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பதே டோ. காருக்கு முன்னால் நின்று பார்த்தால் தெரிகிற சாய்வு கேம்பர். அதைத் திருத்துவதற்குப் பல கார்களில் திருகாணியே கிடையாது. அந்தக் கார்களில் கேம்பர் கெட்டிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் இறங்கியிருக்கிறது. அதைத் தேடாமல் டோவை மட்டும் திருகி அனுப்பினால் புது டயரும் அதே கதிக்குத்தான் போகும்.

தேடுவதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். சமதரையில் காரை நிறுத்தி, காற்று அளவைச் சரிபார்த்து, ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். மட்காட்டிலிருந்து சில்லின் நடுவே தொங்கும்படி ஒரு குண்டுநூல் விட்டு, ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். 14 அங்குல ரிம்மில் இரண்டுக்கும் 6 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தால் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை. முக்கியமானது மற்றப் பக்கத்தோடு ஒப்பிடுவது. சில கார்களின் சில்லுகள் கம்பெனியிலிருந்தே மேற்பக்கம் சற்று உள்நோக்கிச் சாய்ந்துதான் வருகின்றன. இரண்டு பக்கமும் ஒரேயளவு என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு பக்கம் மட்டும் விலகினால் அந்தப் பக்கத்தில் குறை இருக்கிறது.

பிறகு சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை உயரத்தை அளக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோரத்தில் நிற்கும் வாகனங்களிலும், கொட்பே துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் வான்களிலும் உப்பு ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைத் தின்றுவிடுகிறது. உடைந்த துண்டு ஸ்பிரிங் அமரும் கிண்ணத்துக்குள்ளேயே கிடப்பதால் குனிந்து பார்த்தாலும் தெரியாது. சேற்றைக் கழுவி, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டும் இளைஞர்களுக்கும் சொல்கிறேன், அப்படித் தாழ்த்தினால் சில்லு தானாகவே உள்நோக்கிச் சாயும்.

அடுத்து ஜக் போட்டு, முட்டும் வைத்து, சில்லை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் குறை சில்லு சுழலும் பெயரிங்கில். நிற்காவிட்டால், சில்லைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோவர் ஆர்மின் றப்பர் புஷ்களையும், அந்த ஆர்மைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் குண்டு மூட்டான போல் ஜொயின்ட்டையும் லிவர் போட்டுக் கிளப்பிப் பார்க்க வேண்டும். இடமும் வலமுமாகப் பிடித்து அசைக்கும்போது வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ரொட்டில். எதிலும் ஆட்டமில்லை, ஆனாலும் சாய்வு இருக்கிறது என்றால், குழியில் விழுந்தோ மதகுக் கட்டில் மோதியோ ஸ்ட்ரட், லோவர் ஆர்ம், சில்லின் பெயரிங்கைத் தாங்கும் நக்கிள் ஆகியவற்றில் ஒன்று வளைந்திருக்கும். பின் சில்லு என்றால் பல கார்களில் இரண்டு பின் சில்லுகளையும் இணைக்கும் குறுக்கு பீம் வளைந்திருக்கும்.

டயரும் பேசும். ஒரு ஓரம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்தால் பெரும்பாலும் கேம்பர். உள்ளங்கையால் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் அரம்போலத் தடுத்தால் டோ.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களையே எல்லோரும் இழுத்து ஓட்டினோம், இன்னும் ஓட்டுகிறோம். தேய்ந்த போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு மடிந்து கார் வீதியிலேயே விழும். இரவில், ஹபரணைக் காட்டு வீதியில், பிள்ளைகளோடு போகும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு உண்மையிலேயே உண்டு.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். ஒரு தனியார் காரின் சில்லு நிலையாக நிற்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. பழைய கார்களுக்காவது அடிப்பாகப் பரிசோதனை ஒன்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இதனுடன் சேர்க்க வேண்டும். அலைன்மென்ட் செய்யும் இடங்கள் வேலைக்கு முந்திய அளவுகளையும் பிந்திய அளவுகளையும் அச்சிட்டு வாடிக்கையாளர் கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்கவும் வேண்டும். அதுவரை அந்தத் தாளை நீங்களே கேட்டு வாங்குங்கள். கேம்பர் எண் சிவப்பில், அதாவது அளவுக்கு வெளியே, இருந்தால் காரணம் தெரியும்வரை காசு கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
திருகோணமலை.