வால்பாறைக்குப் பிழைக்க வந்த குடும்பங்களுக்காக ஒரு மேசை கேட்டு மனு

அனுப்புநர்: எஸ்டேட் சந்திப்பில் மளிகைக் கடை வைத்திருப்பவன், வால்பாறை வட்டம்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கோயம்புத்தூர்

பொருள்: வால்பாறை தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வந்து குடியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கு, அவர்கள் மொழி தெரிந்த ஆட்களோடு உதவி மையம் ஒன்று அமைத்துத் தருவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் நேரில் வந்து கொடுத்திருக்க வேண்டிய மனு இது. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கே 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் அங்கிருந்து கோவை, விடியற்காலை பஸ்ஸில் ஏறினாலும் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். எனக்காவது ஒரு நாள் கடையைப் பூட்டினால் போயிற்று. நான் யாருக்காக எழுதுகிறேனோ அவர்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் அவர்களில் ஒருவர்கூட இதுவரை உங்கள் முன்னால் மனுவோடு வந்து நின்றிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

என் கடையில் அரிசி பருப்பும் உண்டு, போன் ரீசார்ஜும் உண்டு. சுற்றியிருக்கிற லைன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு காலத்தில் எல்லாமே எங்கள் தமிழ் ஆட்கள்தான். அவர்கள் பிள்ளைகள் படித்து, திருப்பூர், கோவை என்று கீழே இறங்கிவிட்டார்கள், பெற்றவர்களும் ஓய்வு பெற்றதும் பின்னாலேயே போய்விட்டார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. இப்போது அந்த வீடுகளில் மறுபடி விளக்கு எரிகிறது. ஜார்க்கண்ட், அசாம், பீகார், ஒடிசா என்று வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். தனி ஆளாக வந்து நாலு மாதம் சம்பாதித்துத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் என் கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் குடும்பத்தோடு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். கொழுந்து எடுக்கிறார்கள், மருந்து அடிக்கிறார்கள், மழையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு கவாத்து வெட்டுகிறார்கள். இவர்கள் வராமல் இருந்திருந்தால் இங்கே பல தேயிலைக் காடுகளில் கொழுந்து முற்றிப் போயிருக்கும்.

ஊரில் எல்லாரும் இவர்களை 'இந்திக்காரங்க' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். பழகிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, பலருக்கு வீட்டில் பேசுகிற பாஷை சாத்ரி, சிலருக்கு முண்டாரி, அசாமிலிருந்து வந்தவர்களில் சிலர் அசாமியும் வங்காளமும் பேசுகிறார்கள். இந்தி அவர்களுக்கும் ஊர்ப் பொதுவில் பேசுகிற இரண்டாவது பாஷைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தாத்தாவைச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு கங்காணி முன்பணம் கொடுத்து இந்த மலைக்குக் கூட்டிவந்தார். காய்ச்சலிலும் குளிரிலும் கூட வந்தவர்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று அவர் சொல்லும்போது எங்களுக்கெல்லாம் அழுகை வந்துவிடும். அதே வெள்ளைக்காரக் காலத்தில் சோட்டா நாக்பூர் பக்கத்து ஆதிவாசி மக்களை அர்காட்டி என்ற தரகர்கள் இதேபோல அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போனார்கள். இன்று அசாமிலிருந்து வால்பாறைக்கு வருகிறவர்களில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேயிலை புதிது இல்லை, நாலு தலைமுறையாகத் தெரியும். எங்கள் தாத்தாவுக்கும் அவர்கள் தாத்தாவுக்கும் நடந்தது ஒன்றுதான். அதனால் இவர்களை வெளியாட்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். என் கடைக்கு மேலே இருக்கிற லைனில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், ஒன்பது வயது. வந்து இரண்டு வருஷத்தில் எங்கள் பிள்ளைகளைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுகிறாள். அந்த லைனில் எட்டு குடும்பத்துக்கும் அவள்தான் வாய். ஒருத்தருக்கு பேங்கில் கணக்கு முடங்கிவிட்டது என்றால் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருத்திக்கு மாசமான வயிறு, நர்ஸம்மாவிடம் காட்ட வேண்டும் என்றால் அவளைத்தான் கூட்டிப்போகிறார்கள். பெரியவர்கள் பேசிக்கொள்ள வேண்டிய உடம்பு விஷயங்களை அந்தப் பிஞ்சு நின்று தமிழில் சொல்கிறது. அன்றைக்கெல்லாம் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. போன மாதம் மட்டும் ஆறு நாள் போகவில்லை, நான் எண்ணினேன். அவள் டீச்சருக்கும் வருத்தம், அம்மாவுக்கும் வருத்தம், ஆனால் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? இந்த மனு முழுக்க அந்தப் பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பதற்காகத்தான் என்று நீங்கள் எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. 2025 ஜூனில் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்தின் பெண் குழந்தையை வீட்டுப் பக்கத்திலிருந்து சிறுத்தை தூக்கிப்போனது, இரண்டே மாதத்தில் ஆகஸ்டில் அசாம் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் வனவிலங்கு தாக்கி இறந்தான். உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. இந்த மலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்தி சாய்ந்தால் பிள்ளையை வாசலில் விடக்கூடாது, புதர் ஓரம் ஒதுங்கக்கூடாது, நாய் ஒரு மாதிரி குரைத்தால் கதவைச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். புதிதாக வந்தவர்களுக்கு அதை யார் சொன்னார்கள்? வந்த மறுநாளே சங்கு ஊதினதும் காட்டு வேலைக்குப் போகிறார்கள், சாயங்காலம் வந்து விறகு பொறுக்கித் தண்ணீர் பிடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது, பிள்ளைகள் வெளியே விளையாடுகின்றன.

யானைக்கு எங்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, அதை நான் பெருமையாகவே சொல்வேன். காட்டு விலங்குகளைப் பற்றி ஆய்வு செய்கிற நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேலாக, யானைக்கூட்டம் எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று போனுக்குத் தகவல் அனுப்புகிறார்கள், உயரமான இடங்களில் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறார்கள். யானை பக்கத்தில் இருந்தால் விளக்கு எரியும். இதனால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கிறது. ஆனால் எங்களுக்கு வருகிற தகவல் தமிழிலும் இங்கிலீஷிலும்தான் இருக்கிறது. கடையில் ரீசார்ஜ் செய்ய வருகிறவர்கள் போனைக் காட்டி இது என்ன மெசேஜ் என்று கேட்கிறார்கள், பார்த்தால் முந்தின நாள் யானை நின்ற இடம். ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னார். பலருடைய நம்பர் பட்டியலிலேயே சேரவில்லை, ஏனென்றால் சேர்க்கச் சொல்லி யாரிடம் கேட்பது என்று தெரியாது. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். சாத்ரியிலும் இந்தியிலும் அரை நிமிடக் குரல் பதிவாக அனுப்பினாலே போதும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். கூடவே, புதிதாக ஒரு குடும்பம் வீடு ஏறும்போதே வனத்துறை ஆள் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் அவர்கள் பாஷையில் பேசிவிட்டுப் போகட்டும், லைன் வீட்டை ஒட்டியிருக்கிற புதரை வெட்டச் சொல்லித் தோட்ட நிர்வாகங்களுக்கு நீங்கள் எழுத்தில் உத்தரவு கொடுங்கள்.

ரேஷன் விஷயம். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டிலும் இருக்கிறது. ஊரில் கார்டு இருந்தால் இங்கேயே கைரேகை வைத்து அரிசி வாங்கலாம், மீதியை ஊரில் இருக்கிற குடும்பத்தார் அங்கே வாங்கிக்கொள்ளலாம். இது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும், இங்கே வாங்கினால் ஊரில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு வெட்டிவிடுவார்கள் என்று பயம். அதனால் என்னிடம் வந்து காசு கொடுத்து அரிசி வாங்குகிறார்கள். கடைக்காரனாக எனக்கு அது வியாபாரம்தான், ஆனால் சட்டப்படி சும்மா கிடைக்க வேண்டிய அரிசியைக் கூலிக்காசில் என்னிடம் வாங்குவதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு ரேஷன் கடையில் ஒரு அம்மாவுக்கு மூன்று முறை கைரேகை விழவில்லை, கொழுந்து எடுத்து எடுத்து விரல் தேய்ந்திருக்கிறது, என்ன செய்வது என்று விளக்கவும் ஆள் இல்லாமல் வெறும் பையோடு திரும்பிவிட்டார். அதற்கு மேல் அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆஸ்பத்திரி பற்றி ஒரே ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பிரசவ வலி எடுத்த பெண்ணுக்காக அவள் வீட்டுக்காரர் 108-க்குப் போன் செய்திருக்கிறார், எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்று சொல்லத் தெரியவில்லை, ஓடிவந்து என் கதவைத் தட்டினார். நான் பேசி வண்டி வந்தது, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். நான் அன்றைக்கு ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். எங்கள் பிள்ளைகள் கீழே போய்விட்டதால் எஸ்டேட் பள்ளிகளில் வகுப்புக்கு ஏழெட்டுப் பேர்தான். இந்தக் குழந்தைகள் வந்துதான் சில பள்ளிகள் மூடாமல் இருக்கின்றன. காலை உணவுத் திட்டத்தில் அவர்களும் சாப்பிடுகிறார்கள், அதற்கு அரசுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பத்து வயதில் வந்த பையனை, தமிழ் எழுத்து தெரியாது என்பதற்காகச் சின்ன வகுப்பில் உட்கார வைத்தால் வெட்கப்பட்டு நின்றுவிடுகிறான், நின்ற பையன் நேராகக் காட்டு வேலைக்குப் போகிறான். 2009 கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்றும் சொல்கிறது. அந்தத் தனிப் பயிற்சிக்கு இங்கே ஆள் வேண்டும்.

மளுக்கப்பாறை செக்போஸ்டைத் தாண்டினால் கேரளா. அங்கே போய்வருகிறவர்கள் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். அங்கே அரசுத் தாளிலேயே இவர்களை அதிதி தொழிலாளி என்று எழுதுகிறார்கள், விருந்தாளி என்று அர்த்தம். எர்ணாகுளம் மாவட்டத்தில் ரோஷ்ணி என்று ஒரு திட்டம், இந்தியும் வங்காளமும் ஒடியாவும் தெரிந்தவர்களை வைத்துப் பள்ளி தொடங்குவதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுக்க சங்ஙாதி என்று வேறொரு திட்டம், சங்ஙாதி என்றால் தோழன். ஆவாஸ் என்று 2017-இல் காப்பீடும் கொண்டுவந்தார்கள். கேரளாவில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, அங்கேயும் குறை இருக்கும். ஆனால் மாவட்ட நிர்வாகம் நினைத்தால் தொடங்கலாம் என்பதற்கு அது கண்முன்னால் இருக்கிறது.

நம் மாவட்டத்திலும் முடியும் என்று பார்த்திருக்கிறோம். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினபோது, என் கடை வாசலில் நின்று எங்களைக் கொன்றுவிடுவார்களா என்று கேட்டார்கள். அன்றைக்குக் கோவையில் இந்தி பேசுகிற உதவி எண்ணைச் சில நாளிலேயே ஏற்பாடு செய்தார்கள், அதிகாரிகள் நேரில் போய்ப் பேசினார்கள். பதற்றத்துக்குக் கிடைத்த அந்த அக்கறை சாதாரண நாளுக்கும் வேண்டும்.

அதனால் நான் கேட்பது இதுதான். வால்பாறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு போன். அதில் உட்காருகிறவர்கள் இந்த மக்களிலிருந்தே வரட்டும். பிளஸ் டூ வரை படித்துவிட்டு இங்கே வந்து கொழுந்து எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும், தமிழும் நன்றாகப் பேசுகிறார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். ரேஷன், ஆதார், பி.எஃப்., பள்ளிச் சேர்க்கை, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு எல்லாவற்றுக்கும் அங்கே வந்தால் போதும், ஆஸ்பத்திரிக்கும் 108-க்கும் அந்த எண்ணிலிருந்தே மொழிபெயர்த்துச் சொல்லலாம். முக்கியமாக ஒன்று, அந்த மேசை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்க வேண்டும். எஸ்டேட் ஆட்கள் சாமான் வாங்க டவுனுக்கு வருவது அன்றைக்குத்தான். திங்கள் முதல் வெள்ளி வரை பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டினால் ஒருவரும் வர மாட்டார்கள். சாயங்காலத்தில் வாரம் இரண்டு நாள் பெரியவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லித்தரவும் அங்கேயே இடம் இருந்தால் நல்லது.

எங்கள் ஆட்களில் சிலர் கேட்கிறார்கள், நமக்கே கூலி போதவில்லை, இவர்களுக்கு எதற்கு இத்தனை என்று. அவர்கள் கஷ்டம் உண்மை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குத் தன் கூலி எவ்வளவு, போனஸ் உண்டா, பி.எஃப். பிடிக்கிறார்களா என்று தெரியாத வரைக்கும் நம் கூலியும் ஏறாது. அவளுக்கு விவரம் தெரிந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாம்.

இடம் இல்லை என்று கோப்பு திரும்பிவிடக்கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். என் கடையை ஒட்டி ஒரு அறை இருக்கிறது, கரண்ட் உண்டு, ஓடு போன மழைக்காலத்தில்தான் மாற்றினேன். டவுனில் இடம் கிடைக்கும் வரை வாடகை இல்லாமல் அதைத் தருகிறேன். சாவி கடையிலேயே இருக்கும், வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து யாரை அனுப்பினாலும் திறந்து காட்டுகிறேன். வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் ஒரு பதில் கிடைத்தால், அந்தப் பெண்பிள்ளையின் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எஸ்டேட் சந்திப்பு மளிகைக் கடைக்காரர், வால்பாறை