டெக்சாஸ் கவுன்ட்டி ஆவணங்கள்: யாரிடம், எப்படிக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெக்சாஸில் வீடு வாங்கும் தமிழர்களும், ஊரிலிருந்தபடி அவர்களுக்கு யோசனை சொல்லும் பெற்றோரும் எடுத்த எடுப்பில் கேட்பது, "அங்கே வில்லங்கச் சான்று எங்கே வாங்குவது?" என்பதுதான். அந்தப் பெயரில் ஒரு சான்று அங்கே கிடையாது. ஆனால் வில்லங்கம் பார்க்கத் தேவையான பதிவுகள் அத்தனையும் பொது ஆவணங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) என்றால் ஒரே அலுவலகம் என்று நினைத்துக்கொண்டு சம்பந்தமில்லாத இடத்தில் மனு கொடுப்பதே பெரும்பாலும் காரணம்.

முதலில் எந்தக் கவுன்ட்டி என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். டெக்சாஸில் மொத்தம் 254. அஞ்சல் முகவரியில் உள்ள ஊர்ப் பெயரை நம்ப முடியாது. நம்மவர்கள் நிறையக் குடியேறியிருக்கும் பிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என்ற இரண்டு கவுன்ட்டிகளில் பரந்து கிடக்கிறது. ஹூஸ்டன் பக்கம் கேட்டி நகரம் மூன்று கவுன்ட்டிகளில் கால் வைத்திருக்கிறது. எதிர் வரிசை வீட்டுக்காரரின் பத்திரம் வேறு கவுன்ட்டியில் இருக்கவும் கூடும். சொத்து வரி ரசீதைப் பார்த்தால் குழப்பம் தீரும்.

பத்திரங்களை வைத்திருப்பவர் கவுன்ட்டி கிளார்க்; நம் சார்பதிவாளருக்கு இணையானவர். ஆனால் சர்வே எண்ணை வைத்துத் தேடிப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் திணறுவார்கள். பதிவேட்டின் அட்டவணை முதன்மையாக ஆள் பெயரில்தான் இருக்கும்: கொடுத்தவர், வாங்கியவர். தெரு முகவரியைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. தமிழ்ப் பெயர்களில் இது இன்னும் சிக்கல். அப்பா பெயர் ஒரு பத்திரத்தில் கடைசிப் பெயராகவும், இன்னொன்றில் முதல் பெயராகவும் ஏறியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்கு விசாவில் முதல் பெயருக்குப் பதிலாக 'எஃப்என்யூ' என்று அச்சாகிறதே, அந்த மூன்றெழுத்தே பத்திரத்திலும் அவர் பெயராக ஏறிவிடுவதுண்டு. ஆகவே பெயரை இரண்டு வரிசையிலும், லட்சுமி போன்ற பெயர்களை எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டலிலும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் தேடுங்கள். அதற்கு முன்னால், வரிக்காகச் சொத்து மதிப்பை நிர்ணயிக்கும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் உரிமையாளர் பெயர், மனைப்பிரிவு, பிளாக், மனை எண் எல்லாம் கிடைக்கும். பல இடங்களில் பத்திரத்தின் பதிவு எண்ணும் அங்கேயே இருக்கும். அந்த எண்ணோடு கிளார்க் பதிவேட்டுக்குப் போவதுதான் சுருக்கு வழி.

அங்கே பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. அடமானப் பத்திரமான டீட் ஆஃப் டிரஸ்ட், கடன் தீர்ந்ததற்கான ரிலீஸ் ஆஃப் லீன், ஒப்பந்ததாரர் கூலிபாக்கிக்காகப் போட்ட மெக்கானிக்ஸ் லீன், நீதிமன்றத் தீர்ப்புக் கடன், நிலுவை வழக்கு அறிவிப்பு, குடியிருப்போர் சங்கக் கட்டுப்பாடுகள் எல்லாமே பதிவாகியிருக்கும். அடிக்கடி காணாமல் போவது அந்த ரிலீஸ்தான். கடனை அடைத்து முடித்திருப்பார்கள், வங்கி அதைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கும். வீட்டை விற்கும்போதுதான் இது வெடிக்கும். இன்னொன்று, பத்திரத்தில் விற்ற விலையைத் தேடாதீர்கள். "பத்து டாலரும் இதர மதிப்புள்ள பிரதிபலனும்" என்றுதான் எழுதியிருப்பார்கள். விற்ற விலையை அரசுக்குத் தெரிவிக்கும் கட்டாயம் டெக்சாஸில் இல்லை. அடமானப் பத்திரத்தில் கடன் தொகை மட்டும் தெரியும்.

கிளார்க் அலுவலகத்தில் நகலுக்குப் பக்கத்துக்கு 1 டாலர், சான்றளிக்க 5 டாலர். மூன்று பக்கப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் 8 டாலரில் முடிந்துவிடும். வீடு வாங்கிய சில வாரங்களில் அரசு முத்திரை போல ஒன்றை அச்சிட்டு, பத்திர நகல் எடுத்துத் தருவதாகப் பல மடங்கு பணம் கேட்டு வரும் கடிதங்களைக் கிழித்துப் போடலாம். குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் வரிச்சலுகை விண்ணப்பத்துக்கும் கட்டணமே கிடையாது.

அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் கவுன்ட்டியின் பிரிவு அல்ல, தனி அமைப்பு. வரி வசூலிக்கும் அலுவலகத்தில் போய் "மதிப்பை ஏன் ஏற்றினீர்கள்" என்று சண்டை போடுவதில் பயனில்லை. மதிப்பை எதிர்த்து மனு போட்டவர்கள் (கெடு பொதுவாக மே 15) ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். விசாரணையில் டிஸ்ட்ரிக்ட் காட்டப்போகும் ஆதாரங்களை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். விசாரணைக்கு 14 நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். கேட்டும் கொடுக்காததை அவர்கள் விசாரணையில் பயன்படுத்த முடியாது. இந்த ஆதாரங்களைக் கேட்காமல் போய்த் தோற்றவர்கள் ஏராளம்.

வழக்குக் கட்டுகள் வேறு கதை. விவாகரத்தும் பெருங்குற்ற வழக்குகளும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். உயிலும் சிறு குற்றங்களும் பெரும்பாலும் கவுன்ட்டி கிளார்க்கிடம். 20,000 டாலர் வரையிலான வழக்குகளும் வாடகைதாரரை வெளியேற்றும் வழக்குகளும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் நீதிமன்றத்தில். அரசு ஆவணங்களை மனு போட்டுக் கேட்க வழிசெய்யும் தகவல் சட்டத்துக்குள் நீதித்துறை வராது. நேராக அந்தந்த கிளார்க்கைக் கேட்க வேண்டும். கமிஷனர்ஸ் கோர்ட் என்பது பெயரில்தான் கோர்ட். அது கவுன்ட்டியின் நிர்வாகக் குழு. அதன் ஆவணங்கள் தகவல் சட்டத்துக்குள் வரும்.

திருமணச் சான்றுக்கும் இடம் தெரிந்து போக வேண்டும். ஹாரிஸ் கவுன்ட்டியில் உரிமம் எடுத்து, பிரசோரியா கவுன்ட்டியில் உள்ள பேர்லண்ட் மீனாட்சி கோவிலில் தாலி கட்டியிருந்தாலும், சான்று ஹாரிஸில்தான் கிடைக்கும். நடத்திவைத்தவர் கையெழுத்திட்ட உரிமத்தை 30 நாளுக்குள் கிளார்க்கிடம் சேர்க்க வேண்டும். அவர் மறந்துபோனால் பதிவே இருக்காது. பிறப்புப் பதிவோ 75 ஆண்டுகள் ரகசியம், உரியவர்களுக்கு மட்டுமே தருவார்கள்.

சாலை ஒப்பந்தம், ஷெரிஃப் அலுவலகச் செலவு, அதிகாரிகளின் மின்னஞ்சல் போன்றவற்றுக்குத்தான் டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் மனு போட வேண்டும். 1973இல், ஷார்ப்ஸ்டவுன் பங்கு ஊழல் நாறிய சூட்டில் வந்த சட்டம் அது. நம் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குடிமக்கள்தான் கேட்கலாம். டெக்சாஸ் சட்டத்திலோ மதுரையில் இருந்தும் கேட்கலாம். நம்மூரில் மறுத்தால் மேல்முறையீட்டுக்கு அலைவது மனுதாரர். டெக்சாஸிலோ, மறைக்க விரும்பும் அலுவலகமே பொதுவாக 10 வேலை நாளுக்குள் மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் போய்த் தீர்ப்புக் கேட்க வேண்டும். தவறினால், தகவல் பொதுவானது என்றே சட்டம் கொள்ளும். இந்தச் சுமை மாற்றம்தான் அந்தச் சட்டத்தின் உயிர் என்பேன். ஆனால் "10 நாளில் கையில் கிடைக்கும்" என்று பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தாமதமின்றித் தர வேண்டும் என்பதே விதி. 10 வேலை நாளில் முடியாவிட்டால் எந்தத் தேதியில் தருவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மனுவை அலுவலகம் அறிவித்துள்ள மின்னஞ்சலுக்கோ அஞ்சல் முகவரிக்கோ அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுங்கள். தெரிந்த ஊழியரின் பெட்டிக்கு அனுப்பினால் கெடு ஓடாது. "எங்கள் தெருவை ஏன் சரி செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். கேள்விக்குப் பதில் எழுதவோ புதிதாகப் பட்டியல் தயாரிக்கவோ அவர்களுக்குக் கடமையில்லை. "2024 ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை இன்ன சாலைக்கு வழங்கிய பணி ஆணைகளும் ஒப்பந்ததாரர் பில்களும், பிடிஎஃப் வடிவில்" என்று கேளுங்கள். "எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதற்கு நீங்கள் 61 நாளுக்குள் பதில் போடாவிட்டால் மனு வாபஸ் ஆனதாகக் கொள்ளலாம்.

தகவல் சட்ட மனுவில் நகலுக்குப் பக்கத்துக்கு 10 சென்ட். 50 பக்கத்தைத் தாண்டினால் மணிக்கு 15 டாலர் ஆள்கூலி சேரும். மொத்தம் 40 டாலரைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே விவரமான மதிப்பீடு தர வேண்டும். அதற்கு 10 வேலை நாளுக்குள் பதில் சொல்லாத மனுவும் செத்துப்போகும். நகலே வேண்டாம், நேரில் வந்து பார்க்கிறேன் என்றால் செலவு பெரும்பாலும் குறையும்.

விஷயம் அட்டர்னி ஜெனரலுக்குப் போய்விட்டால் சும்மா இருக்க வேண்டாம். தீர்ப்புக்கு 45 வேலை நாள் வரை ஆகும். ஏன் தர வேண்டும் என்று மனுதாரரும் எழுதி அனுப்பலாம். ஒரு பக்கம் போதும், வக்கீல் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிளேனோ, டெக்சாஸ்.