மணியார்டரை விடுங்கள், கடிதத்தைப் பிரித்தவர்களைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1963 நவம்பரில் டல்லாஸ் நகரில் நடந்த அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில் குற்றம் சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட், அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வின் கையாள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை அடித்துச் சொல்கிறது. முதல் சான்றாக அது காட்டுவது ஒரு மணியார்டரை. பணிக்காலம் முழுவதையும் அஞ்சலகத்தில் கழித்தவன் நான்; அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1963 மார்ச்சில் டல்லாஸில் வாங்கிய அந்த மணியார்டரின் தொகை 21 டாலர் 45 சென்ட். கென்னடியைச் சுட்டதாகச் சொல்லப்படும் துப்பாக்கிக்கு 19.95, அனுப்பும் செலவுக்கு 1.50. ஆஸ்வால்ட் வைத்துக்கொண்ட 'ஏ. ஹைடல்' என்ற பொய்ப்பெயரில் அது சிகாகோவிலிருந்த கிளைன்ஸ் கடைக்குப் போனது. துப்பாக்கி ஆஸ்வால்டின் அஞ்சல் பெட்டி எண் 2915-க்கு அனுப்பப்பட்டது. மணியார்டரின் பின்புறம் வங்கி முத்திரைகள் போதவில்லை, ஆகவே போலி, ஆகவே உளவுத்துறையின் கைவேலை என்கிறார் கட்டுரையாளர். பட்டுவாடா ஆன மணியார்டர்களை அடுக்கிவைக்கும் அரசுக் கிடங்கிலிருந்துதான் அது எடுக்கப்பட்டது. அதிலிருந்த கையெழுத்து ஆஸ்வால்டுடையது என்று நிபுணர்கள் சொன்னார்கள். இவை இரண்டும் கட்டுரையில் இல்லை.

பெயர் வேறாக இருந்தும் பொட்டலம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது கட்டுரையின் அடுத்த கேள்வி. பெட்டிக்குள் அடங்காத பொட்டலம் வந்தால் ஒரு சீட்டைப் பெட்டியில் போடுவார்கள். அந்தச் சீட்டை நீட்டுகிறவரிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிடுவார்கள். டல்லாஸ் அஞ்சல் ஆய்வாளர் ஹோம்ஸ், கொலையை விசாரித்த வாரன் கமிஷன் முன் சொன்ன சாட்சியம் இதுதான். பெட்டியின் தபாலை யார் யார் பெறலாம் என்று எழுதித் தரும் படிவத்தின் பகுதி, பெட்டியை மூடியதும் அப்புறப்படுத்தப்பட்டது என்றும் அவர் சொன்னார். அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் காணாமல்போன படிவத்துக்குப் பின்னால் முதலில் தேட வேண்டியது சோம்பலை, சதியை அல்ல என்பது என் அனுபவம்.

அஞ்சல் வழியாகவே ஒரு கேள்வி கேட்க வேண்டுமானால், கட்டுரையாளர் தொடாத இடம் ஒன்று உண்டு. சோவியத் யூனியனுக்குப் போகும் கடிதங்களையும் அங்கிருந்து வரும் கடிதங்களையும் சி.ஐ.ஏ. 1950-களின் தொடக்கத்திலிருந்து 1973 வரை நியூயார்க்கில் ரகசியமாகப் பிரித்துப் படம் எடுத்துவந்தது. உறையின் மேற்புறத்தைத்தான் படம் எடுப்போம் என்று அஞ்சல் துறையிடம் அனுமதி வாங்கிவிட்டு உள்ளே கைவைத்தார்கள். பிரிக்கப்பட்டவை இரண்டு லட்சத்துக்கும் மேல். 1959 அக்டோபரில் மாஸ்கோவுக்குப் போய்க் குடியுரிமையைத் துறப்பதாக அறிவித்த ஆஸ்வால்டின் பெயர், நவம்பரிலேயே அந்தக் கண்காணிப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அவருடைய தாய் எழுதிய கடிதம் ஒன்றையும் பிரித்தார்கள். ஆனால் தலைமையகத்தில் அவர் பெயரில் தனிக்கோப்பு திறந்தது 1960 டிசம்பரில்தான். யூ-2 உளவு விமானங்கள் நின்ற ஜப்பானின் அட்சுகி தளத்தில் ராடார் பணியிலிருந்த ஒருவர் எதிரி நாட்டுக்குப் போகிறார். அவர் கடிதத்தைப் பார்க்க ஆள் உண்டு, கோப்பு மட்டும் இல்லை! இதற்கு இன்றுவரை ஒழுங்கான பதில் கிடையாது.

மெக்சிகோ சிட்டி சமாச்சாரமும் இதே ரகம். 1963 செப்டம்பர் இறுதியில் ஆஸ்வால்ட் அங்கே கியூபத் தூதரகத்துக்கும் சோவியத் தூதரகத்துக்கும் போனார். அங்கிருந்த தன் அலுவலகத்துக்கு அக்டோபர் 10-ஆம் தேதி சி.ஐ.ஏ. தலைமையகம் அனுப்பிய தந்தி, அவரைப் பற்றிக் கடைசியாகக் கிடைத்த தகவல் 1962 மே மாதத்தியது என்கிறது. ஆனால் 1963 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் தெருவில் காஸ்ட்ரோ ஆதரவுத் துண்டறிக்கை கொடுத்துக் கைகலப்பில் அவர் கைதான செய்தியை, உள்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தலைமையகத்துக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தது.

கைகலப்பு நடந்தது காஸ்ட்ரோ எதிர்ப்பு மாணவர் அமைப்பினரோடு. அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்தது சி.ஐ.ஏ.; மயாமியிலிருந்து அதைக் கவனித்துவந்த அதிகாரி ஜார்ஜ் ஜோனைடிஸ். 1978-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக் குழு வழக்கை மறுபடி விசாரித்தபோது, குழுவுக்கு ஆவணம் எடுத்துக்கொடுக்க சி.ஐ.ஏ. அமர்த்திய ஆளும் இதே ஜோனைடிஸ்தான். 1963-இல் தான் பார்த்த வேலையைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அது வெளியே வந்தது. தெரிந்திருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றி விசாரித்திருப்பேன் என்ற பொருளில் குழுவின் தலைமை வழக்கறிஞர் பிளேக்கி கொதித்தார். நியாயமான கொதிப்பு.

1979-இல் அந்தக் குழு, கொலைக்குப் பின்னால் 'அநேகமாக' ஒரு சதி இருந்தது என்று சொன்னதைக் கட்டுரை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. சி.ஐ.ஏ.வுக்குத் தொடர்பில்லை என்று அதே அறிக்கை சொன்னதை விட்டுவிட்டது. சதி என்ற முடிவுக்கு ஆதாரமான, சுட்ட சத்தம் பதிவானதாகச் சொல்லப்பட்ட ஒலிப்பதிவை 1982-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் தள்ளுபடி செய்ததையும் விட்டுவிட்டது. மறுபக்கம், ஜோனைடிஸ் கொடுத்த காகிதங்களை வைத்துக்கொண்டு சி.ஐ.ஏ.வுக்கு வழங்கிய நற்சான்றிதழை எவ்வளவு நம்புவது? ஆகக் குழுவின் அறிக்கை எந்தக் கட்சிக்கும் முழுதாகக் கைகொடுக்காது.

ஆஸ்வால்டை சி.ஐ.ஏ. கவனித்துவந்தது என்பதற்குக் கட்டுக்கட்டாகக் காகிதம் இருக்கிறது. ஏவியது என்பதற்கு ஒரு தாள்கூட வரவில்லை. காஸ்ட்ரோவைக் கொல்ல மாஃபியாவோடு கூட்டு வைத்ததை வாரன் கமிஷனிடம் மறைத்தது, கவனித்தும் கோட்டைவிட்டதை மூடியது என்று அவர்கள் வெட்கப்படக் காரணங்கள் தாராளமாக இருந்தன. டல்லாஸ் எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் கென்னடி கொலைக்கு முன் ஆஸ்வால்ட் விட்டுப்போன குறிப்பை, கைதான அவர் சுடப்பட்டு இறந்ததும் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். அது தெரியவந்ததே 1975-இல். மேலதிகாரிக்குப் பயந்து காகிதத்தை ஒழிப்பதற்கு கொலைச் சதியில் இருந்திருக்க வேண்டியதில்லை.

தொடரின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு என்று அறிவித்திருக்கிறீர்கள். மணியார்டர் முத்திரைக்கு நான்கு பத்தி கொடுத்தவர், ஜோனைடிஸுக்கு இரண்டு பத்தியாவது கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர்