மூன்றாம் நம்பர் காயில்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு வரன் கூடி வருகிறது என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், ரெண்டு நாள் முன்னாடியே வந்துவிடுகிறேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை அவரே படிக்கிறார்.

ஏற்காடு ஏறும்போது வண்டி உதறுகிறது, வாசலில் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினால் ஒன்றுமே தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே, போன மாதம் திம்பம் மலையில் எனக்கும் அச்சு அசலாக அதேதான். பண்ணாரி வரை வழுக்கிக்கொண்டு வந்த வண்டி, அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதைத் தாண்டுவதற்குள் விக்க ஆரம்பித்தது. மிதித்தால் பிக்கப் இல்லை. இஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அந்த விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு வந்து பார்த்துக்கொள்ளலாம். மின்னினால் அப்படி விடக் கூடாது. எரியாத பெட்ரோல், புகைக் குழாயில் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே பாழாக்கிவிடும். அதன் விலைக்கு முன்னால், பிளக்கில் பொறி வரவைக்கிற காயிலின் விலையெல்லாம் ஒன்றுமே இல்லை. திருப்பிக்கொண்டு, மிதிக்காமலே பண்ணாரிக்கு இறங்கிவிட்டேன்.

மேட்டில் மட்டும் ஏன் என்று கேட்டிருந்தாய். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அதிகமாகப் போய் நெருக்கி அடைபடும். அந்த நெருக்கத்தில் பிளக் நுனியில் பொறி தாண்ட வோல்ட்டேஜ் கூடுதலாக வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை இருபதாயிரம், முப்பதாயிரம் என்று ஏற்றித் தருவது காயில்தான். உள்ளே இன்சுலேஷன் நைந்துபோன காயில், நின்ற இடத்தில் சமாளித்துவிடும். பாரம் ஏறினால் கைவிடும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறக்காமலே "நாலு காயிலையும் மாத்திடுங்க சார்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

உங்க அப்பாவின் அம்பாசிடர்தான் ஞாபகத்துக்கு வந்தது. என் வண்டியில் சிலிண்டருக்கு ஒரு காயில். அதில் நாலு சிலிண்டருக்கும் ஒரே காயில், டிஸ்ட்ரிபியூட்டர் பங்கு போட்டுக் கொடுக்கும். மிஸ் அடித்தால், அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறினால், அப்பா ஓடுகிற இஞ்சினிலேயே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை என்பார். இந்தக் காலத்து வண்டியில் தயவுசெய்து அப்படிச் செய்யாதே. கைக்கும் ஆபத்து, நல்ல காயிலும் போகும். ஆனால் அவர் கற்றுக்கொடுத்த முறை இப்போதும் செல்லும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, என்ன மாறுகிறது என்று பார்.

அதையேதான் நானும் செய்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் சின்ன ஸ்கேனரைச் செருகி போனில் பார்த்தால் பி0303 என்று காட்டியது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ் என்று அர்த்தம். பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் அல்லது டைமிங் செயின் இருக்கிற பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இஞ்சினை நன்றாக ஆறவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மூன்றில் இருந்த காயிலை ஒன்றிலும் ஒன்றில் இருந்ததை மூன்றிலும் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பத்து நம்பர் போல்ட்தான். ஸ்கேனரில் பழைய பிழை எண்ணை அழித்துவிட்டு மருதமலை ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தேன். இப்போது பி0301. கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது. அதே 0303 வந்திருந்தால் பிளக்கையோ, பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரையோ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அத்தோடு விட்டிருந்தால் ஆறு மாதத்தில் புதுக் காயிலும் போயிருக்கும். ஏனென்றால் மூன்றாவது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், அடியில் எண்ணெய் தேங்கி நின்றது. இஞ்சின் மேல்மூடிக்கு அடியில் இருக்கிற டாப்பட் கவர் பேக்கிங் இறுகிப்போய், அங்கிருந்து ஆயில் கசிந்திருக்கிறது. காயிலின் ரப்பர் அதில் ஊறி உப்பிப்போய், கையால் அழுத்தினால் கொழகொழவென்று இருந்தது. ஆக, காயில் கெட்டதற்குக் காரணமே பேக்கிங். அதை மாற்ற எனக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. குழியில் இருக்கிற எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயும் மண்ணும் நேராக சிலிண்டருக்குள் இறங்கும்.

காயில் ஒன்று மட்டும் வாங்கினேன், பிளக் நாலும் புதிது. தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகன்றுபோயிருக்கும், பொறி தாண்டக் காயில் தேவைக்கு மேல் உழைக்க வேண்டும். காயில் வாங்கும்போது பழையதன் பார்ட் நம்பரைக் கடையில் ஒப்பிட்டுப் பார், பாதி விலைக்கு வருகிற பெயர் தெரியாத சரக்கு வேண்டாம். பிளக்கை முதலில் விரலாலேயே சுற்று. அலுமினிய ஹெட், மரை குறுக்கே ஏறிவிட்டால் பெரிய செலவு. காயிலின் ரப்பர் வாய்க்குள் துளி சிலிகான் கிரீஸ் தடவு. கனெக்டர் லாக் சூட்டில் மொறுமொறுத்துப் போயிருக்கும், இழுக்காமல் அழுத்தித் தளர்த்து. எனக்கு ஒன்று உடைந்தே போனது.

போன ஞாயிறு மறுபடி திம்பம் ஏறினேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. இரண்டாவது கியரில் ஒரு விக்கல் இல்லை. அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவின் போர்டையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார்.

ஸ்கேனரை நாளைக்கே கூரியரில் போடுகிறேன். அது வரும்வரை மலைப் பக்கம் போகாதே. நாலு குழியிலும் டார்ச் அடித்துப் பார்த்து, எதில் எண்ணெய் நிற்கிறது என்று எழுது.

உன் பழைய பெஞ்சுக்காரன்